நாள் தப்பிய பரிசிலர்

காலமறிந்து செய்வாரே வெல்வர் என்பது நூலோர் துணிபு. திருவள்ளுவர் 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலில் இடம்பெற்றிருப்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. காலம் பார்த்துப் படை நடத்தவும், காலம் வாய்க்குமளவும் ஒடுங்கியிருக்கவும் வேந்தனுக்கு உரிமை உண்டு. அவன் வாயிலில் யாழோடு நிற்கும் பாணனுக்கோ, பாட்டோடு நிற்கும் புலவனுக்கோ அவ்வுரிமை இல்லை. பிறர் வகுத்த காலத்துக்குள் தன் கலையைக் கொண்டு சேர்க்க வேண்டியவன் அவன். ஒரு நாள் முந்தினாலும் இழப்பு. ஒரு நாள் பிந்தினாலும் இழப்பு.

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாமல், அழைத்த இடத்துக்குச் சென்று, செய்த வேலைக்குக் கூலி பெற்று வாழ்பவரை இன்று 'ஃபிரீலான்ஸ்' தொழிலர் என்கிறோம். இச்சொல்லின் பிறப்பு சுவையானது. 1819-இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' புதினத்தில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாது கூலிக்குப் போரிடும் வீரரைக் குறிக்க வந்த சொல் இது. 'கட்டற்ற ஈட்டி' என்பது அதன் பொருள். மேலைநாட்டார் இத்தகையோருக்குப் படைக்கலத்திலிருந்து பெயர் எடுத்தனர். தமிழர் வைத்த பெயரோ 'பரிசிலர்'. விற்கும் ஈட்டியிலிருந்து பிறந்தது அச்சொல். பெறும் கொடையிலிருந்து பிறந்தது இச்சொல். தனித்தொழில் செய்வோரின் பெருமிதமும் துயரமும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியுள்ளன. கூலியாயின் கேட்டு வாங்கலாம். பரிசிலாயின் காத்திருக்க வேண்டும்.

மதுரையையும் அதைச் சூழ்ந்த வையைச் சமவெளியையும் களமாகக் கொண்டு, இக்காத்திருப்பின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். நம் வட்டத்தார் பலரும் பாட்டெழுதுவோர். ஆதலின் இது அயலார் வரலாறு அன்று.

வாயிலில் நின்றோர்

புறநானூற்றைப் புகழ்ப்பாடல்களின் தொகுதியாகவே படித்துப் பழகிவிட்டோம். அதைத் தொழில் செய்வோர் வாழ்வின் ஆவணமாகப் படித்தால் வேறு காட்சிகள் தெரியும். அவற்றுள் பல, காலம் தவறி வந்து சேர்ந்தோரின் கதைகள்.

மோசிகீரனார் கதை யாவரும் அறிந்தது. நெடுவழி நடந்து களைத்து வந்த புலவர், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் மலர் பரப்பிய கட்டில் ஒன்றைக் கண்டு உறங்கிவிட்டார். அது முரசுகட்டில். முரசம் நீராட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்த சிறுபொழுது அது. சற்று முன்னோ பின்னோ வந்திருந்தால் முரசம் கட்டிலில் இருந்திருக்கும், பிழையும் நேர்ந்திராது. கொலைத்தண்டத்துக்குரிய அக்குற்றத்தைப் பொறுத்து, வேந்தன் கவரி எடுத்து வீசினான். நாம் வேந்தனின் பெருந்தன்மையைப் போற்றுகிறோம், போற்ற வேண்டியதே. ஆயினும் ஒரு புலவனின் உயிர் அப்பொழுது வேந்தனின் மனநிலை என்னும் மெல்லிய நூலில் தொங்கியது என்பதையும் மறத்தற்கில்லை. அந்நூல் அறுந்த இடங்களும் உண்டு. அறுபட இருந்து தப்பிய இடங்களும் உண்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவரை, ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் இடைபுகுந்து பாடியிராவிடில் அப்புலவர் மீண்டிருக்க மாட்டார். இரு சோழர்க்கிடையே பகை முற்றிய நேரத்தில் ஊர் மாறிச் சென்றதே அவர் செய்த குற்றம்.

பெருஞ்சித்திரனார் வரலாறு இன்னும் கூரியது. வறுமையால் வாடிய குடும்பத்தை விட்டு, வெளிமானை நாடிச் சென்றார். அவர் சென்ற வேளையில் வெளிமான் துஞ்சினான் என்கிறது மரபு. தமிழில் 'துஞ்சுதல்' உறக்கத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. ஒரே சொல்லின் இரு பொருளுக்கிடையே ஒரு குடும்பத்தின் உணவு சிக்கிக்கொண்டது. வெளிமான் இறந்தமைக்கு அவர் பாடிய கையறுநிலைப் பாடல்களில், புரவலனை இழந்த துயரமும் வெறுங்கையோடு மீளும் இரவலனின் துயரமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. தம்பி இளவெளிமான் அளித்த சிறு பரிசிலை அவர் ஏற்கவில்லை. குமணனிடம் சென்று யானை பெற்று வந்து, அதனை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டி, "இது என் பரிசில்" எனக் காட்டிச் சென்றார். அதியமான் தன்னைக் காணாமலே பரிசில் அனுப்பியபோதும், தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என மறுத்தவர் அவர். பசித்தவன் மறுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்பதற்கு அவரினும் சிறந்த சான்று நம் இலக்கியத்தில் அரிது.

பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரோ நாள் தப்பாதவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் ஒருமுறையும் கண்டிராத அந்நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் உரிய வேளையில் வந்து சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் சந்திக்க இயலாத இருவருக்கு வாய்த்த நல்வேளை, இருவரும் சாகும் வேளையாயிற்று. உடனிருந்த பொத்தியாரையோ, மகன் பிறந்தபின் வருக என அரசன் திருப்பி அனுப்பினான். அவர் மீண்டு வந்தபோது நடுகல்லே நின்றது. ஒருவர் சரியான நேரத்தில் வந்து உயிர் துறந்தார். மற்றவர் பிந்தி வந்து துயர் சுமந்தார். எது நற்காலம், எது தீக்காலம் என யார் வரையறுப்பது?

கூலியாளாய் வந்த இறைவன்

மதுரையின் தனிச்சிறப்பு, இவ்வூர் தன் இறைவனையே தனித்தொழில் செய்பவனாகக் கண்டதாகும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதர் விறகு விற்கிறார், வளையல் விற்கிறார், மாணிக்கம் விற்கிறார். வறிய தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறார். பாட்டு வேறொருவர் பெயரில் அவைக்குச் செல்கிறது. குற்றம் கூறப்பட்டபோது பரிசில் தடைப்பட்டவன் தருமி. பிறர் பெயரில் எழுதிக்கொடுக்கும் தொழிலின் இடர் அனைத்தும் அங்கேயே தெளிவாகிவிட்டது.

மண்சுமந்த படலம் இவற்றுள் தலைசிறந்தது. வையையில் வெள்ளம் பெருக, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வேண்டுமென்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு ஆளில்லை. கூலியாளாய் வந்த இறைவன் உதிர்ந்த பிட்டே கூலி என ஒப்புகிறான். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்பது மக்கள் வழக்கு. வேலையாள் கூலி முழுவதையும் உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான், கரையோ அடைபடவில்லை. மேற்பார்க்க வந்த பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்கள் முதுகிலும் பட்டது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. ஒரு கூலியாளின் முதுகில் விழும் அடி ஊரார் அனைவர் மீதும் விழுவதாகும் என்னும் கருத்தை இத்துணை எளிமையாகச் சொன்ன கதை பிறிதொன்று உண்டா என்பது ஐயம்.

இதே மதுரை, காலந்தாழ்தலையும் திருவிழாவாக்கியுள்ளது. தங்கையின் திருமணத்துக்குப் புறப்பட்ட கள்ளழகர், வழியில் பிந்தி, வையையை அடைந்தபோது திருமணம் முடிந்துவிட்டது எனக் கேட்டு, நகருக்குள் நுழையாமலே திரும்பினார் என்பது நாட்டார் வழக்கு. அழகர் ஆற்றிலிறங்குவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பதற்கே என்பது கோயில் மரபு. முன்னர் வெவ்வேறு மாதங்களில் நிகழ்ந்த இரு விழாக்களும் திருமலை நாயக்கர் காலத்தில், 1623-க்கும் 1659-க்கும் இடையே, சித்திரையில் ஒன்றாக்கப்பட்டன என்பர். அரசன் நாட்காட்டியை மாற்றினான். மக்கள் அதிலிருந்து ஒரு தாமதத்தின் கதையைப் படைத்துக்கொண்டனர். பெருங்கூட்டமாய் நின்று வரவேற்கப்படும் அந்தத் தாமதம் இறைவனுடையது. அதே சித்திரையில் பிந்தி வரும் நாடகக் கலைஞனுக்கு அவ்வரவேற்பு கிட்டுவதில்லை. அவன் கதைக்கு வருவோம்.

ஓரிரவுக்கு ஒரு சபை

தமிழகத்தில் தனித்தொழிற் கலைஞர் என்னும் பெயருக்கு முழுமையாக உரியவர் 'ஸ்பெஷல் நாடக' நடிகர்களே. நாடகக் கம்பெனிகளில் ஆசிரியர் உண்டு, ஒத்திகை உண்டு, சாப்பாடும் சம்பளமும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இவை எவையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர். ஆர்மோனியமும் மிருதங்கமும் தனித்தனியே வரும். முன்பின் கண்டிராதவர்கள் மாலையில் ஒரு கிராமத்தில் கூடி, முன்னிரவில் தொடங்கி விடியுமளவும் ஒரு நாடகத்தை நடத்தி, காலையில் பிரிந்து செல்வர். அந்தச் சபைக்கு ஆயுள் ஓரிரவு. இத்துணைத் துணிச்சலான ஏற்பாடு எவ்வாறு இயல்கிறது எனில், எல்லோரும் ஒரே ஆசிரியரின் பாடத்தை நெஞ்சில் தாங்கியிருப்பதால்தான். அவ்வாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றுப் பின் நாடகத்துக்கு வந்தவர். முதலில் நடிகராகவே இருந்தார். எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களில் பெயர் பெற்றார். ஒருமுறை விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, அவரை எதிர்பாராது கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்தாள் என்றும், அந்நிகழ்ச்சியே அவரை வேடம் துறக்கச் செய்தது என்றும் நாடக உலகம் வழிவழியாகச் சொல்லி வருகிறது. மேடையில் இரவெல்லாம் பாராட்டப்பட்ட தோற்றம், மேடைக்கு வெளியே ஒரு நாழிகை நீடித்ததால் கேடாயிற்று. நடிகரை இழந்த தமிழ் நாடகம் ஆசிரியரைப் பெற்றது. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' முதலியன அவர் வகுத்த வடிவிலேயே இன்றுவரை நடிக்கப்படுகின்றன.

1918-இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். கட்டுக்கடங்காத பெரிய நடிகர்களால் சலித்தே சிறுவர்களைக் கொண்டு சபை அமைத்தார் என்பர். பின்னாளில் தி. க. சண்முகம் எனப் புகழ்பெற்ற சிறுவன் முதலிய சகோதரர்கள் அச்சபையில் பயின்றனர். சண்முகத்துக்கென 'அபிமன்யு சுந்தரி'யை ஓரே இரவில் எழுதினார் என்பது அவர்தம் நினைவு. ஆயினும் அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. பிறர் நாவில் ஆயிரமாயிரம் சொற்களை ஏற்றியவர், தம் சொல் குன்றிய நிலையில் சபையோடு ஊர் ஊராய்ச் சென்று, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். கட்டுப்பாடான கம்பெனிகள் பின்னாளில் ஒவ்வொன்றாக மறைந்தன. எவரிடமிருந்து ஒதுங்கிச் சென்றாரோ அந்தத் தனிநடிகர் கூட்டமே அவர் பாடல்களை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. அவரைக் குருவாக வணங்கி ஆண்டுதோறும் விழா எடுப்பவரும் அவர்களே.

சிறுவர் கம்பெனிகளின் வரலாற்றிலும் காலம் ஒரு கொடிய பாத்திரம் ஏற்றது. பெண்வேடம் தரித்து இனிய குரலால் சபையை ஈர்க்கும் சிறுவனுக்கு, பாடம் முதிர்ந்து பெயர் பரவும் பருவத்தில்தான் மகரக்கட்டு வரும், குரல் உடையும். கலை நிறைவடையும் நாளும் கருவி பழுதாகும் நாளும் ஒன்றாக அமைந்தன. அதன்பின் அவன் கம்பெனியில் ஏவலாளாக நிற்க வேண்டும். அன்றேல் வெளியேறித் தனிநடிகனாக வாயில் தேட வேண்டும்.

தேதி என்னும் தெய்வம்

பரிசிலனுக்குப் புரவலன் எவ்வாறோ, ஸ்பெஷல் நாடக நடிகனுக்குத் 'தேதி' அவ்வாறு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என மதுரையைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து விழாக் குழுவினர் மதுரைக்கு வருவர். ஏஜெண்டிடமோ நடிகரிடமோ பேசி அட்வான்ஸ் கொடுத்துத் தேதியைக் குறிப்பர். படங்களோடு நோட்டீஸ் அச்சிடுவர். பங்குனியில் தொடங்கி ஆடி வரை அம்மன் கோயில்களிலும் முருகன் கோயில்களிலும் விழாக்கள் தொடரும். பிறகு மழைக்காலம், வேலை சுருங்கிவிடும்.

முரண் இங்குத்தான் தொடங்குகிறது. எல்லா ஊரும் ஒரே நாளையே விரும்பும். பங்குனி உத்திரத்திலும் வைகாசி விசாகத்திலும் நான்கு ஊரார் ஒருவரையே வேண்டுவர். அடுத்த பத்து நாளும் ஒருவரும் வரமாட்டார். ஒரு நாளில் நான்கு கூலி ஈட்ட இயலாது. இழந்த மூன்றையும் வெறும் நாட்களில் ஈடு செய்யவும் இயலாது. இரண்டு ஊருக்கு ஒரே தேதியை ஒப்புக்கொண்டு இடர்ப்படுவோரும் உண்டு. அந்த இரவு அவர் ஏற்க வேண்டிய வேடம் அரிச்சந்திரனாயின், பொய்யாமையின் மேன்மையைப் பாட வேண்டியவர் வேறோர் ஊரில் பொய்யராய் நிற்பார்.

மழைக்காக நாடகம் வைக்கும் ஊர்கள் உண்டு. வேண்டுதல் பலித்து அன்றிரவே மழை கொட்டினால் பந்தல் நனையும், கூட்டம் கலையும், நாடகம் நிற்கும். தெய்வம் செவிசாய்த்த ஊரில் கலைஞனின் கூலி கேள்விக்குரியதாகிறது. பாடியதன் பயன் உடனே கிட்டியதற்காக வருந்தும் நிலை வேறெத்தொழிலில் உண்டு?

நாடகத்தின் உள்ளும் நாழிகைச் சிக்கல் உண்டு. வள்ளி திருமணத்தில் நாரதர்க்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கமே கூட்டத்தை ஈர்ப்பது. முன்பின் அறியாத இருவர் மேடையிலேயே வாதிட்டு வெல்ல முயல்வர். கைதட்டல் பெருகப் பெருகத் தர்க்கம் நீளும். கதையின் தலைவனான முருகன் அரிதாரத்தோடு திரைக்குப் பின்னே காத்திருப்பான். அவன் வேலனாய், விருத்தனாய் வந்து சேரும்போது குழந்தைகள் உறங்கியிருப்பர். பெரியோர் பலர் எழுந்து சென்றிருப்பர். திருமணம் காண வந்தோரில் திருமணம் கண்டோர் சிலரே. மணம் முடிந்ததும் தெய்வமும் தேவியும் அரிதாரம் கலைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதல் பேருந்துக்காகச் சாலையில் நிற்பர். அரசனும் சேவகனும் ஒரே பேருந்தில் சீட்டெடுத்து ஊர் திரும்புவதைக் காண விரும்புவோர் திருவிழாக் காலத்து விடியலில் மதுரைப் பேருந்து நிலையத்துக்குச் சென்றால் போதும்.

இவ்விடர்களை ஊழ் எனக் கருதி அவர்கள் வாளாவிருக்கவில்லை. சுவாமிகள் மறைந்த மறுஆண்டே, 1923-இல், மதுரையில் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் தோன்றியது. நடிகர்க்கும் ஊரார்க்கும், நடிகர்க்கும் நடிகர்க்கும் எழும் வழக்குகளைத் தீர்க்கும் மன்றமாகவும் அது விளங்கி வருகிறது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்தை இலக்கிய வரலாறு எழுதுவோர் மறப்பதில்லை. அதே நகரில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த இந்த ஐந்தாம் சங்கத்தையும் அவ்வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். முன்னது புலவர் நூலைக் காத்தது. பின்னது கலைஞர் நாளைக் காக்க முயன்றது.

மூவர் கதை

இம்மேடையில் வாழ்ந்த மூவரைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும்.

முதல்வர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு வேண்டும் பாடல்களை வேண்டும் பொழுதில் எழுதித் தந்தவர். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில், வெள்ளையரை வெள்ளைக் கொக்காக உருவகித்து விரட்டும் புகழ்பெற்ற பாடல் அவர் எழுதியதே என்பர். பாடலைத் தமிழகமே அறிந்தது. எழுதியவர் பெயரைச் சிலரே அறிந்தனர். 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. அதற்கும் பாடல் எழுதியவர் பாஸ்கரதாஸே. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து சென்றவரே. நாடகத்தின் செல்வாக்கைக் குறைக்கப்போகும் புதிய கலைக்குத் தொட்டில்பாட்டு எழுதியவர் நாடகப் பாடலாசிரியர்! கூலிக்கு எழுதுவோன் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்து எழுதுவதில்லை, கேட்டவர்க்கு எழுதுகிறான். பல்லாண்டு அவர் எழுதிய நாட்குறிப்புகள் நம் காலத்தில் நூலாகியுள்ளன. பாடலில் பெயர் மறைந்தவர், நாட்கணக்கு எழுதிய ஏட்டால் மீண்டும் வெளிப்பட்டார்.

இரண்டாமவர் விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்து, மதுரைக்குத் தெற்கேயுள்ள திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மேற்கூறிய கொக்குப் பாடலை மேடைதோறும் பாடிச் சிறை புகுந்தவர். தனிநடிகனுக்கு ஒரு நாள் சிறை என்பது ஒரு நாள் கூலி இழப்பு மட்டும் அன்று. குறித்த தேதிகள் எல்லாம் சரியும். கொடுத்த அட்வான்ஸ் கடனாகும். எந்தக் கம்பெனி முதலாளியும் ஈடுகட்ட மாட்டான். அவர் கடனில் மூழ்கியது இவ்வாறே. முருகனாக மேடையில் நிற்கையில் கைகூப்பியோர், மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் வெளியே அவரை விலக்கினர். உடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாய் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. ஆண்டின் இறுதி இரவு. நாடு விடுதலை பெற இன்னும் ஆறரை ஆண்டுகள். தம் பாடல் விரட்டிய கொக்கு பறந்ததை அவர் காணவில்லை. தேதி கொடுத்த மேடைக்குத் தவறாது வந்து, தம் வாழ்நாளின் தேதியை அங்கேயே முடித்துக்கொண்டார்.

மூன்றாவது, எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும். இணைந்து நடித்த நாடகங்களால் ஈழத்திலும் தமிழகத்திலும் கொடிகட்டிப் பறந்த இணையர். கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று, முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். பேசும்படம் வந்து ஈராண்டே ஆகியிருந்தது. நூற்றாண்டின் பெருங்குரல்களில் ஒன்று இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சியது. பாடும் உருவம் திரையில் பதியவில்லை. வெண்ணிற ஆடை பூண்டு ஒதுங்கிய சுந்தராம்பாள், 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண்வேடத்தில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தை வியக்கவைத்தது. துணைவரோடு பாடிய காலத்தில் வாராத ஊதியம் தனிமையில் வந்தது. நல்ல காலம் வந்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை.

மாற்று ஆசிரியர் ஒருவர்

நாடகத்தினின்று சற்று விலகி, நம் கவிஞர்களுக்கு உரிய ஒரு செய்தியைக் கூறுவேன். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில், விடுப்பில் சென்ற தமிழாசிரியர்க்கு மாற்றாக இளைஞர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை சில மாதமே அவ்வேலை. அவர் சுப்பிரமணிய பாரதி. அவருடைய கவிதை முதன்முதலாக அச்சேறியதும் அவ்வாண்டு மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபானு' இதழிலேயே. வேலை நிலைத்திருந்தால் மதுரைக்கு ஒரு நல்ல தமிழாசிரியர் கிடைத்திருப்பார். அது நிலையாமையால், 'சுதேசமித்திரன்' அழைத்தபோது அவரால் சென்னைக்குப் புறப்பட முடிந்தது. ஆகவே நிலையாத வேலை என்றும் தீமையே பயக்கும் எனல் ஆகாது. ஆனால் அதே நிலையாமை பின்னாளில் அவரை எவ்வாறு வருத்தியது என்பதையும், 1921-இல் அவர் இறுதி ஊர்வலத்தில் சென்றோர் எத்துணைச் சிலர் என்பதையும் நாம் அறிவோம். 1949-இல் அரசு அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கியது. உடைமையாக எதுவும் இல்லாதவர் எழுத்து, நாட்டின் உடைமையாயிற்று.

அட்வான்சும் ஊரடங்கும்

இவை பழங்கதைகள் எனத் தள்ளற்க. 2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனி மாதம். நாடகப் பருவத்தின் தலைவாயில். பல மாதம் காத்திருந்து, அட்வான்ஸ் பெற்று, நோட்டீஸ் அச்சாகும் நாளில் கதவு அடைபட்டது. அவ்வாண்டு மீனாட்சி திருக்கல்யாணம் அடியார்கள் இன்றிக் கோயிலுக்குள்ளே நடந்தது. அழகர் வழக்கம்போல் ஆற்றில் இறங்கவில்லை. என்றும் பிந்தி வருபவர் அவ்வாண்டு வரவேயில்லை. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் நோய் மீண்டும் எழுந்தது. மழைக்காலத்தில் வந்திருந்தால் பாதி இழப்போடு போயிருக்கும். ஈராண்டும் பங்குனி சித்திரையையே தேர்ந்து வந்தது. அலுவலகம் செல்வோர் வீட்டிலிருந்தே சம்பளம் பெற்றனர். இரவெல்லாம் ஊர்நடுவே நின்று பாட வேண்டியவருக்கு அவ்வழி இல்லை.

இதே 2020-இல் நம் நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழியே வேலை செய்வோரைச் சட்டத்தின் சொற்களில் முதன்முறையாக வரையறுத்தது. உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களும் வாடகை ஊர்தி ஓட்டுவோரும் அதனால் பெயர் பெற்றனர். நன்றே. இந்த 'புதிய' வகைத் தொழிலாளர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாக நம் இலக்கியத்தில் வாயிலில் நிற்கின்றனர் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிவாக

மேற்கண்ட வரலாறுகளில் தொடர்ந்து வரும் உண்மை ஒன்றுண்டு. தனித்தொழில் செய்பவனுக்கு நேரும் காலக்கேடு பெரும்பாலும் ஊழ்வினை அன்று. அது ஓர் ஏற்பாடு. மழையின் இழப்பு, நோயின் இழப்பு, புரவலன் சாவின் இழப்பு, அரசின் சினத்தால் வரும் இழப்பு ஆகிய அனைத்தையும் ஒருவன் முதுகிலேயே ஏற்றிவைக்கும் ஏற்பாடு. பாடிய நாழிகைக்குக் கூலி உண்டு. பாடுவதற்காகக் காத்திருந்த நாட்களுக்கு இல்லை. நாம் அவற்றை முரண்சுவை எனச் சொல்லி நகைக்கிறோம், பாட்டாக்குகிறோம். நகைக்க வேண்டியவையே. ஆயின் மண்சுமந்த படலத்தின் அடியை நினைவிற் கொண்டு நகைக்க வேண்டும்.

செய்யத்தக்கது என்ன? 1923-இல் மதுரை நடிகர்கள் செய்ததே: தனித்தனியே நிற்பவர் ஒரு மன்றத்தின்கீழ்க் கூடுதல். நம் வட்டமும் பத்தாண்டாக அவ்வாறு கூடியிருப்பது. கவியரங்குக்கு அழைக்கப்பெறும் கவிஞனுக்கு வழிச்செலவை முன்னரே அனுப்புதல், அரங்கு தள்ளிவைக்கப்பட்டால் அவனுக்கு உரியதைத் தருதல், இரவு பிந்தி அவன் பாடும் முறை வருமளவும் அவையோர் இருந்து கேட்டல் ஆகிய இவை சிறியவை. ஆனால் நம்மால் இயல்பவை. பெருஞ்சித்திரனார் வேண்டியதும் பொருள் மட்டும் அன்று. தம்மை நேரில் கண்டு, தம் பாட்டைக் கேட்டு, அதன்பின் தரப்படும் பரிசிலையே அவர் வேண்டினார். அந்த முறைமையைக் காப்பது, வாயிலுக்கு உள்ளே அமர்ந்திருப்போர் கடன்.